பதினோரு மவுஸ்

வாங்கண்ணா, உள்ள வாங்க. கேமிங் மவுஸுங்களா? எடுத்துரலாம். அந்தக் கண்ணாடி அலமாரியப் பாக்காதீங்க, அது கலர் லைட் எரியுதான்னு பாத்து வாங்கற ஆளுகளுக்கு வச்சிருக்கறது. நீங்க இக்கட்டால வாங்க. வந்து கையக் குடுங்க. வலது கை.

சிரிக்காதீங்க. இந்தக் காந்திபுரத்துல என்ற கடைப் பேரு ஒருத்தனுக்கும் தெரியாது, கை ஜோசியக்காரன் கடைன்னு கேட்டாக் கூட்டிட்டு வந்து விட்டுருவாங்க. லொள்ளுதான், இருந்துட்டுப் போகுது. ஸ்கேலு இங்கதான் வச்சேன்... ஆங். நடுவிரல் நுனியில இருந்து மணிக்கட்டு ரேகை வரைக்கும் பத்தொம்பது சென்டிமீட்டர். அகலம் ஒம்பதரை. நல்ல கைங்க. செருப்பு வாங்கறப்பக் கால அளக்கறோம், மவுஸுக்கு மட்டும் கைய அளக்கக் கூடாதுங்களா?

ஐயய்யோ, அந்தப் போனத் திருப்பாதீங்க! மன்னிச்சுக்குங்க, கத்திட்டேன். அது குப்புறத்தான் கிடக்கணும். கிடக்கட்டும்.

என்னன்னா, சென்னையில இப்ப ஃபைனல் ஓடிட்டிருக்குது. இந்தத் துப்பாக்கிச் சண்டை கேம் இருக்குதில்லீங்க, அஞ்சு பேருக்கு அஞ்சு பேரு. பொம்பளைங்க போட்டி. அதுல என்ற சம்சாரம் ஆடறா. வாணி. கோகிலவாணி. மூணு ஆட்டம், ரெண்டு ஜெயிச்சாக் கப்பு. மொத ஆட்டம் தோத்துட்டாங்க. நான் போன இப்படி நிக்க வச்சுக்கிட்டு ஒரு நொடி விடாமப் பாத்தேன், தோத்துட்டாங்க. ரெண்டாவது ஆட்டத்துக்கு ஒரு வக்கீல் வந்துட்டாரு பிரிண்டர் கேட்டுட்டு, நான் பாக்கவே இல்ல. ஜெயிச்சுட்டாங்க. இப்ப மூணாவது. அதான் சவுண்ட ஆஃப் பண்ணிக் குப்புறப் போட்டுட்டேன். நான் பாத்தா ஆகமாட்டேங்குதுங்க.

நீங்க ஒரு உதவி பண்றீங்களா? நீங்க பாத்துச் சொல்லுங்க. எனக்குக் காட்டாதீங்க, ஸ்கோர் மட்டும். மேல ரெண்டு நம்பர் இருக்கும், இடது பக்கம் எங்களுது. யாரு மொதல்ல பதிமூணு தொடறாங்களோ அவிங்களுக்கு.

ஏழு, எட்டா? எங்களுது ஏழா? கெரகம். சரி, வைங்க, குப்புற வைங்க.

ஜெயிச்சா என்னன்னு கேக்கறீங்களா? ஜெயிச்சா பெங்களூர்ல ஒரு கம்பெனி அஞ்சு பேரையும் எடுத்துக்குது. மாசச் சம்பளம், தங்கறதுக்கு வீடு, மொதல்ல ஆறு மாசம். தோத்தா நாளைக்குக் காலையில வீட்டுக்கு வந்துருவா. அவ்வளவுதாங்க. இதுல நான் எதுக்குச் சாமி கும்பிடறதுன்னு எனக்கே வெளங்கல. நெத்தியில பாருங்க, காலையில திருநீறு பூசிட்டு வந்தேன். பூசிட்டு நின்னேன், என்ன வேண்டறதுன்னு தெரியாம வந்துட்டேன்.

சரி, உங்க சோலியப் பாப்போம். இந்த மவுஸப் புடிங்க. சும்மா எப்பவும் புடிக்கற மாதிரி. நான் கிட்ட இருந்து பாக்கோணும், சித்த தள்ளிக்குங்க. ம்... பாத்தீங்களா, விரல மடக்கறீங்க. உள்ளங்கை மேல தூக்கிக்கிச்சு. இதுக்குப் பேரு கிளா. பருந்து கால் மாதிரி. மூணு பிடிதான் உலகத்துல. கைய முழுசா மவுஸு மேல படுக்கப் போட்டுட்டா பாம். விரல மடக்கி நிறுத்துனா கிளா. வெறும் விரல் நுனியில தொட்டுட்டு ஆடுனா ஃபிங்கர்டிப். பாமுக்கு முதுகு உயரமா, நீளமா வேணும். கிளாவுக்குக் குட்டையா, மேடு பின்னாடி தள்ளி இருக்கோணும். ஃபிங்கர்டிப்புக்கு எடையே இருக்கக் கூடாது. நெட்டுல நூறு பேரு நூறு சொல்லுவான், சங்கதி இவ்வளவுதான்.

இந்தக் கடைக்கு வர்ற பத்துப் பேத்துல எட்டுப் பேரு கிளாதாங்க. நானும் பாக்கறேன், கோயமுத்தூர்க்காரங்க கையே அப்படித்தான் போல. ஆனா வாங்கிட்டுப் போனவங்க மூணு நாள்ல திரும்பக் கொண்டாந்துருவாங்க. 'இங்க நல்லா இருந்துச்சு, வீட்டுல புடிச்சாச் சேர மாட்டேங்குது'ம்பாங்க. மக்களுக்குப் பொறுமையே இல்லீங்க இப்ப.

நீங்க எப்படி ஆடுவீங்க? மூலையில பதுங்கி நின்னு, தூரத்துல தலை தெரிஞ்சா ஒரே அடியா? இல்ல முன்னால போயி விழுவீங்களா? பதுங்கி அடிக்கறவிங்களா. வாணியும் அதேதான். ஆனா அவ நிக்கறது நிக்கறதுங்க. எதிராளி வர வரைக்கும் மூச்சு விடறாளான்னே தெரியாது. வந்தான்னா ஒரே குண்டு.

எனக்குக் கல்யாணம் ஆயி நாலு வருசம் ஆச்சு. அவ கோபிச்செட்டிப்பாளையம் பக்கம். பொண்ணு பாக்கப் போனப்ப கம்ப்யூட்டர் தெரியும்னாங்க, நான் டைப்பிங்னு நெனச்சுட்டேன். கல்யாணமாயி ஒரு மாசத்துல பாக்கறேன், என்ற சிஸ்டத்துல உக்காந்து ஆடறா. காலேஜ்ல இருந்தே ஆடிட்டிருக்கறா, ஊட்டுல சொல்லல. வேற ஒருத்தனா இருந்தா என்னங்க பண்ணியிருப்பான்? பொம்பளைக்கு எதுக்குத் துப்பாக்கிம்பான். நான் சொல்லல. நான் அன்னைக்கே சொன்னேன், 'அம்மணி, உனக்குத் தெறமை இருக்குது, நான் இருக்கேன், உன்னைய எங்க கொண்டு போயி நிறுத்தறேன் பாரு'ன்னு. நல்ல சேர் வாங்கினேன். மானிட்டர் மாத்தினேன். தினமும் கடையச் சாத்திட்டுப் போயி அவ சேருக்குப் பின்னாடி நிப்பேன். டீ கூட நின்னுட்டேதான் குடிப்பேன். ஒரு நாள் தவறினதில்லீங்க. எந்தப் புருசன் நிப்பான்?

பின்னாடி நின்னு பாத்தாத்தானே கை தெரியும். பாத்தா, கிளா. சரின்னு கிளாவுக்குத் தோதா ஒரு மவுஸ் கொண்டாந்து குடுத்தேன். ரெண்டு வாரத்துல கை வலிக்குதுங்கறா. பக்கவாட்டுல இன்னும் சித்த ஒடுங்கினதா இன்னொன்னு. அதுக்கும் வலி. குனிஞ்சு பாக்கறேன், விரல் இன்னும் மடங்கிக்கிச்சு. உள்ளங்கை ஒரேயடியா மேல போயிருச்சு, இப்ப ஃபிங்கர்டிப். சரி, எடை கம்மி பண்ணு. எழுபது கிராம், அறுபது கிராம், அம்பத்தஞ்சு. நான் கொறைக்கக் கொறைக்க அவ கை இறுகிட்டே போகுதுங்க. பதினாலு மாசத்துல பதினோரு மவுஸ். எந்தக் கடைக்காரனும் இப்படி ஒரு கையப் பாத்திருக்க மாட்டான்.

ஏழாவது மவுஸ்ல ஒரு கூத்து நடந்துச்சு. மூணே மாசத்துல முதுகு மேட்டுல பூச்சு போயி பளபளன்னு ஆயிருச்சு. உள்ளங்கை அழுந்தித் தேச்சாத்தான் அப்படி ஆகும். இவளுக்கு உள்ளங்கை படறதே இல்ல, நான் தினமும் கண்ணால பாக்கறேன். அப்பப் பூச்சுதானே கோளாறு? கம்பெனிக்குப் போட்டோ புடிச்சுக் காட்டமா எழுதினேன். ஒரு வார்த்தை பேசாமப் புதுசு அனுப்பிச்சுட்டான். அதுவும் மூணு மாசத்துல அதே எடத்துல பளபள. அந்தக் கம்பெனி மவுஸே இப்ப நான் எடுக்கறதில்ல.

கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கண்ணா. எவ்வளவு? பத்து, பத்தா? நெசமாலுமா? வைங்க, வைங்க.

டாக்டர்கிட்டயும் போனோம். எலும்பு டாக்டரு. என்னைய வெளிய உக்காரச் சொல்லிட்டாரு. அரை மணி நேரம் உள்ள ஆடச் சொல்லிப் பாத்தாராம், லேப்டாப்புல. அப்புறம் என்னையக் கூப்புட்டாரு. 'கை நல்லா இருக்கு, பிடியும் நல்லா இருக்கு, லூசாத்தான் புடிக்கறாங்க'ங்கறாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். 'இப்பப் புடிக்கச் சொல்லுங்க சார்'னேன். புடிச்சா. நகமெல்லாம் வெளுத்துக் கெடக்குது. 'இதுங்களா லூசு?'ன்னு கேட்டேன். அந்தாளு என்னையப் பாத்தாரு, அவளப் பாத்தாரு. 'வீட்டுல எப்படி, ஏதாவது டென்சன் இருக்குதுங்களா?'ன்னாரு. சொந்த வீடுங்க, மாமியார் தொந்தரவு கெடையாது, மேல் வேலைக்கு ஆளு இருக்குதுன்னு சொன்னேன். ஒரு தைலம் எழுதிக் குடுத்தாரு. இவருக்கு எதுக்குங்க அவ்வளவு பெரிய போர்டு?

அப்புறம்தான் இந்தப் போட்டி வந்துச்சு. அவ டீம் கேப்டன் ஷெரின்னு ஒரு நாகர்கோவில் புள்ள, அது போன் பண்ணுச்சு. 'அண்ணா, அக்கா இல்லன்னா நாங்க இல்ல'ன்னு சொல்லுச்சு. எனக்குத் தலை கால் புரியல. நானும் கூடப் போறதுன்னு கடைக்கு நாலு நாள் லீவு விடறதா இருந்தேன். பதினோராவது மவுஸ், நாப்பத்தொம்பது கிராம், புதுசா வரவழைச்சேன். உள்ளங்கையில வச்சா இருக்கறதே தெரியாது. அதுல அவ விரல் வைக்கற எடத்துக்கு நானே டேப் வெட்டி ஒட்டினேன். மயிரிழை மாறாம, அளந்து ஒட்டினேன்.

வியாழக்கிழமை காலையில ஜங்ஷன்ல நிக்கறோம். வண்டி வர இருபது நிமிசம் இருக்குது. ரெண்டு டிக்கெட்டும் என்ற சட்டைப் பையில. அப்ப வாணி சொல்றா, 'மாமா, நீங்க வர வேண்டாம்.'

வெளையாடறான்னு நெனச்சேன். 'டிக்கெட் போட்டாச்சே அம்மணி'ன்னேன்.

'ஒன்ன கேன்சல் பண்ணிக்கலாம்.'

'அங்க உன்ற கைய யாரு பாக்கறது?'

'கை நல்லாத்தான் இருக்குது மாமா'ன்னா. சத்தமே இல்லாமச் சொன்னா. அவ சத்தமாப் பேசி நான் கேட்டதே இல்லீங்க, அவ்வளவு நல்ல பொண்ணு. பேசிட்டே பைக்குள்ள கைய விட்டு அந்தப் பதினோராவது மவுஸ் டப்பாவ எடுத்து என்ற கையில வச்சுட்டா. 'இதையும் வச்சுக்குங்க'ன்னா.

ப்ளாட்பாரத்துல அத்தனை சனம். டப்பாவப் புடிச்சுட்டு நிக்கறேன். 'மவுஸ் இல்லாம என்னத்த ஆடுவே?'ன்னு கேட்டேன். 'சாப்புட்டுருங்க, மாவு ஃபிரிட்ஜ்ல இருக்குது'ன்னா. வண்டி வந்துச்சு, ஏறிட்டா. போறப்பக் கையக் கூட ஆட்டல, பை ரெண்டு கையிலயும் இருந்துச்சு, அதனால இருக்கும்.

வீட்டுக்கு வந்து மொத வேலையா அலமாரியத் தொறந்து எண்ணினேன். பத்தும் அடுக்குனது அடுக்குனபடி இருக்குது. கையில இருக்கற டப்பாவோட சேத்தா பதினொன்னு. அப்ப எதக் கொண்டு போயிருக்கறா? போட்டியில அவிங்க மவுஸ் தர மாட்டாங்கண்ணா, அவங்கவங்கதான் கொண்டு போகோணும். யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், ஒன்னுதான் தோணுது. வாங்கியிருக்கறா. எனக்குத் தெரியாம, வேற ஒரு கடையில போயி வாங்கியிருக்கறா. எத்தனை நாளா அதுல ஆடறாளோ தெரியல, பகல்ல நான் கடையில இருப்பேன்ல.

அண்ணா, நீங்களே சொல்லுங்க. பதினெட்டு வருசமா நான் இதே தொழில்ல இருக்கேன். திருப்பூர்ல இருந்தும் பொள்ளாச்சியில இருந்தும் என்னையத் தேடி வர்றாங்க. என்ற பொண்டாட்டி வேற கடையில மவுஸ் வாங்கறா! வெளிய சொல்ல முடியுங்களா? அடிச்சிருந்தாக் கூட எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காது. நான் கத்தினதில்ல, கை ஓங்கினதில்ல, வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல. பின்னாடி நின்னேன், அவ்வளவுதான். ஒவ்வொரு தடவ அவ அவுட்டாகறப்பவும் 'ச்சு'ன்னு ஒரு சத்தம் வரும் எனக்கு, அது கூட வாயில தானா வர்றது. அவளுக்காக வர்றதுதான அது?

வலிக்குதுங்களா? நீங்க ரொம்ப இறுக்கிப் புடிச்சிருக்கீங்க. சும்மா விடுங்க. விட வரலியா? சரி, வேற தர்றேன் இருங்க.

எவ்வளவுன்னு பாருங்க. பன்னெண்டு, பதினொன்னு. யாரு பன்னெண்டு? எங்களுதா? ஐயோ சாமி. அப்ப இன்னும் ஒன்னுதான். இன்னும் ஒரே ஒரு ரவுண்டு. பாத்துட்டே இருங்க, கீழ வைக்காதீங்க. நான் இந்தப் பக்கம் திரும்பிக்கறேன். சொல்லுங்க, யாரு யாரு இருக்கறாங்க?

ஷெரின் போச்சா? அப்புறம்? நாலு பேரும் போச்சா? வாணி மட்டும்தான் மிச்சமா? எதுத்தாப்புல எத்தனை பேரு? ரெண்டு பேரா.

போச்சுங்க. இந்த ரவுண்டு போனா பன்னெண்டுக்குப் பன்னெண்டு, அப்புறம் எந்திரிக்க மாட்டாங்க. அவளுக்குத் தனியா ஆட வராது. தனியா மாட்டுனா அவ கை நடுங்கும், நான் பாத்திருக்கேன், பின்னாடி நின்னு எத்தனையோ தடவ பாத்திருக்கேன். அப்பத்தான் நான் தோளத் தொட்டு 'நான் இருக்கேன், அடி'ம்பேன். உடனே அவுட்டாயிருவா. பரவால்ல, அவ்வளவு தூரம் வந்துட்டா. நாளைக்குக் காலையில வரட்டும், ஒன்னும் கேக்க மாட்டேன். அந்த மவுஸப் பத்திக் கூடக் கேக்க மாட்டேன்.

என்னது? ஒருத்தி அவுட்டா? வாணி அடிச்சுட்டாளா?

என்ன காட்டறாங்க? கையவா? ஆமாங்க, கடைசியா யாரு மிச்சமோ அவங்க கைய ஓரத்துல கட்டம் போட்டுக் காட்டுவாங்க. எப்படிப் புடிச்சிருக்கறா? நகம் வெளுத்திருக்குதுங்களா? இல்லியா? அப்படின்னா? உங்களுக்குச் சொல்லத் தெரியாதுங்கண்ணா, இதெல்லாம் பாத்துப் பழக்கம் வேணும். குடுங்க. இங்க குடுங்க போன.

இது வாணி இல்லீங்க.

மாத்திக் காட்டறானுக. வேற யாரோ கையக் காட்டறானுக. பாருங்க, கை முழுசா படுத்திருக்குது. தூங்கற கொழந்தை கை மாதிரி கெடக்குது. இவ கை இப்படி இருக்காதுங்க. நாலு வருசத்துல ஒரு நாளு கூட நான் இந்தக் கையப் பாத்ததில்ல. என்ன மவுஸுன்னு பாக்கலாம்னா அதுவும் தெரிய மாட்டேங்குது, மொத்தமா மூடிட்டிருக்குது கை. ஓரம் கூடத் தெரியல. எனக்கே தெரியலியே.

இருங்க. பெருவிரலுக்குக் கீழ அது குக்கர் சூடு பட்ட தழும்புதான. போன தையில பட்டது.

வாணிதாங்க.

எவ்வளவு பொறுமையா நிக்கறா பாருங்க. விரல் அசையவே இல்ல. சேருக்குப் பின்னாடி சும்மா செவுரு, ஒரு ஆளு இல்ல. ஒருத்தருமே இல்லீங்க.

அடிச்சுட்டா.

ஆமாங்க, முடிஞ்சுது. ஜெயிச்சுட்டா. எல்லாத்தையும் கட்டிப் புடிச்சுட்டு அழறா. இல்ல, சிரிக்கறா. வாயத் தொறந்து இப்படிச் சிரிக்கறா, சவுண்டு போட்டதும் கடை பூராக் கேக்குது பாருங்க. இத்தனை சத்தம் இருக்குதுங்களா அவளுக்கு?

கை குடுக்கறீங்களா? தேங்க்ஸுங்க. எனக்குச் சந்தோசமா இருக்குதுங்க. சத்தியமா. தண்ணி அங்க இருக்குது, எடுத்துக் குடுங்களேன்.

இல்ல, அவளுக்கு நான் கூப்புடல. கூப்புட்டா கை நடுங்கும். அவளா எப்பக் கூப்புடறாளோ கூப்புடட்டும்.

உங்க மவுஸ்... அதக் கீழ வச்சுருங்க. அது உங்களுக்கு ஆகாதுங்க. நான் அளந்தது தப்புன்னு இல்ல. என்னன்னு சொல்லத் தெரியல. அண்ணா, ஒன்னு பண்ணுங்க. அந்தத் தட்டுல முப்பது மாடல் பிரிச்சே வச்சிருக்குது. சிஸ்டம் ஆன்ல இருக்குது, கேம் இருக்குது. உக்காந்து ஆடுங்க. ஒவ்வொன்னா மாத்தி மாத்தி ஆடுங்க, எவ்வளவு நேரம் வேணாலும் ஆகட்டும். நான் வெளிய போயி அந்தப் படிக்கட்டுல உக்காந்துக்கறேன்.

திரும்பிப் பாக்க மாட்டேனுங்க.